முப்பது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை: நடுநிலைப் பள்ளி மாணவர்களைத் தங்கள் எதிர்காலத்தை எழுதவைக்கும் முழுமையான வழிகாட்டி

"நீ பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய்?" என்ற கேள்வியை ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்த எந்த ஆசிரியருக்கும், முதல் வரிசை முடிவதற்குள்ளேயே பதில்கள் தீர்ந்துபோவது தெரியும். டாக்டர், போலீஸ், டீச்சர், கலெக்டர் என்று நான்கு பெயர்கள் வரும். அதன்பின் வருபவை எல்லாம் முன்னால் உட்கார்ந்தவர் சொன்னதன் எதிரொலிதான். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வை 2018ஆம் ஆண்டில் எழுதிய 15 வயது மாணவர்களிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. 41 நாடுகளில் மாணவியரில் 53 விழுக்காட்டினரும் மாணவர்களில் 47 விழுக்காட்டினரும் சொன்ன பதில்கள், மிகப் பரவலாகச் சொல்லப்பட்ட பத்தே வேலைகளுக்குள் அடங்கிவிட்டதாகப் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

குறை கேள்வியில்தான் இருக்கிறது. அது ஒரு பதவியின் பெயரைக் கேட்கிறது. பிள்ளையும், கேட்பவர் முகம் மலரும்படியான ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. வேலையின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, அந்த வயதில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழியும் என்று கேட்கத் தொடங்கியபின்தான், என் வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் எழுதத் தொடங்கினார்கள். நாமக்கல் பகுதிப் பள்ளி ஒன்றில் 6, 7, 8 வகுப்புகளுக்காக நான் சில ஆண்டுகளாகச் செய்துவரும் பயிற்சியின் முழு வடிவம் இது. வாரம் ஒரு பாடவேளை வீதம் ஏழு வாரங்கள் வேண்டும். இங்கே முட்டையும் லாரியும் வரும் இடங்களில், உங்கள் ஊரில் மீனோ பட்டாசோ தேயிலையோ வரட்டும்.

இந்த வயதிலேயே ஏன்

வேலைத் தேர்வெல்லாம் பத்தாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெற்றோரிடம் மட்டுமல்லாமல் ஆசிரியர் அறையிலும் கேட்கும் வாதம். தேர்வு வேண்டுமானால் அப்போது நடக்கலாம். வேண்டாம் என்று வேலைகளைக் கழித்துத் தள்ளுவது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஏறத்தாழ 6 முதல் 8 வயதுக்குள் "இது ஆண் வேலை, இது பெண் வேலை" என்று பிள்ளைகள் சிலவற்றைத் தள்ளிவிடுகின்றனர். 9 முதல் 13 வயதுக்குள் "இது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது" என்றும் "இது மதிப்பில்லாதது" என்றும் மேலும் பலவற்றைத் தள்ளுகின்றனர். தனக்கு என்ன பிடிக்கும் என்ற யோசனை வருவது அதற்கும் பிறகுதான். நம்மிடம் இருக்கும் பிள்ளைகள் சரியாக அந்த இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார்கள். யாரும் சொல்லாமலேயே, சத்தமில்லாமல், கதவுகள் சாத்தப்படும் வயது அது.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் சில உரிமைகளின் கணக்கே ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. அதை ஐந்தாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன்

ஆளுக்கொரு 40 பக்க நோட்டு போதும். அட்டையில் பெயரும் வகுப்பும் மட்டும் இருக்கட்டும். இதற்கு மதிப்பெண் இல்லை, பிழை திருத்தம் இல்லை, சுவரில் ஒட்டிக் காட்சிப்படுத்துவதும் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிவப்பு மையைப் பார்த்துவிட்டால், நோட்டில் பிள்ளை காணாமல் போய்க் கட்டுரை வந்துவிடும். விரும்பாதவர் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. வாசிப்பவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியை முதலில் மீறுவது பெரும்பாலும் நாம்தான். "முதல்ல ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, அப்புறம் பைலட் ஆகலாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த நோட்டு அன்றோடு முடிந்தது. நான் சொல்லியிருக்கிறேன், அதனால் தெரியும்.

முதல் படி: ஒரு முட்டைக்குப் பின்னால் எத்தனை பேர்

கற்பனை வெறுங்காற்றிலிருந்து வருவதில்லை. கண்ட முகங்களிலிருந்துதான் வருகிறது. எனவே கனவு காணச் சொல்வதற்கு முன் பார்வையை அகலப்படுத்த வேண்டும். மதியச் சத்துணவுத் தட்டில் விழும் முட்டையைக் கரும்பலகையின் நடுவில் வரைந்துவிட்டு, இது இங்கே வந்துசேர யார் யார் வேலை செய்தார்கள் என்று கேட்பேன்.

முதலில் வருபவர்கள் சமையலரும் சத்துணவு அமைப்பாளரும்தான். அடுத்து லாரி டிரைவர், பண்ணைக்காரர். அங்கே சற்றுத் தேங்கும். அப்போது கோழி என்ன தின்னும் என்று கேட்டால் மக்காச்சோளமும் சோயாவும் வரும். அவற்றோடு தீவன ஆலை, அங்கே சத்துக் கணக்குப் போடுபவர், ஈரப்பதம் அளப்பவர் எல்லோரும் வருவார்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தால் என்று கேட்டால் கால்நடை மருத்துவர், தடுப்பூசி தயாரிப்பவர், அதைக் குளிர் குறையாமல் கொண்டுவருபவர். கூண்டு செய்யும் வெல்டர், பழைய காகிதக் கூழில் அட்டைத் தட்டு வார்ப்பவர், லாரிக்குப் பாடி கட்டுபவர், டயரை ரீட்ரேட் செய்பவர், பண்ணைக்குக் கடன் கொடுத்த வங்கி அலுவலர், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைச் செய்தியாக்கும் நிருபர், வளைகுடா நாடுகளுக்கு முட்டை போவதால் ஏற்றுமதி ஆவணம் எழுதுபவர் என்று கரும்பலகை நிறைந்துவிடும். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "இத்தனை முட்டையையும் யார் சார் எண்ணுவாங்க?" என்று கேட்டாள். முட்டையை யாரும் எண்ணுவதில்லை, தட்டுக்கு 30 என்பதால் தட்டைத்தான் எண்ணுவார்கள் என்று பதில் சொன்னவன் பண்ணையில் வேலை செய்யும் தாயின் மகன். அதுவரை அந்த வகுப்பில் அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பாடவேளை முடிவில், அன்று முதன்முறையாகக் கேள்விப்பட்ட மூன்று வேலைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிடித்த வேலைகளை அல்ல; புதிய வேலைகளை.

இரண்டாம் படி: அந்த ஒரு நாளை எழுதுதல்

இதுதான் பயிற்சியின் உயிர். இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். இன்று 12 வயதுள்ள பிள்ளை 30ஐ எட்ட 18 ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டைக் கரும்பலகையில் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, அந்த ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதச் சொல்ல வேண்டும். ஞாயிறு வேண்டாம், பிறந்தநாள் வேண்டாம், பரிசு வாங்கும் நாளும் வேண்டாம். சிறப்பு நாள் என்றால் பிள்ளைகள் மேடையையும் கைதட்டலையும் எழுதிவிட்டு, வேலையை விட்டுவிடுவார்கள்.

கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் அமைதி கொடுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறாய்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? காலைச் சாப்பாட்டை யார் செய்தது? வேலைக்கு எதில் போகிறாய், எவ்வளவு நேரம்? உன் கையில் இருக்கும் கருவி என்ன? பகல் முழுவதும் நிற்கிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா, அலைகிறாயா? யாரோடு, எந்த மொழியில் பேசுகிறாய்? அன்று எது எரிச்சலூட்டியது? உனக்குச் சம்பளம் கொடுப்பது யார்? மாலை வீடு திரும்பும்போது உடம்பில் எங்கே வலிக்கிறது? வேலையின் பெயர் என்ன என்ற கேள்வி இந்தப் பட்டியலில் கிடையாது. அது தானாக வந்தால் வரட்டும்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு பாடவேளையிலும் சேர்த்து எழுதியது ஐந்து வரிதான். காலையில் எழுந்தான், தோசை சாப்பிட்டான், வண்டியில் போனான், வேலை செய்தான், "மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்." கடைசி வரிக்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு. என்ன வேலை என்று ஒரு சொல்கூட இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், அவன் தந்தை வடநாட்டு லைன் ஓட்டும் லாரி டிரைவர், புறப்பட்டால் வீடு திரும்ப இருபது நாளாவது ஆகும் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். அந்த வகுப்பில் எதிர்காலத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகத் தெளிவான வரி அதுதான். அவன் ஒப்புதலோடு, பெயர் சொல்லாமல், 6 மணிக்கு வீடு திரும்பக்கூடிய வேலைகள் எவை என்று வகுப்பைக் கேட்டேன். வங்கி, பள்ளி, தாலுகா அலுவலகம் என்று வந்தன. நர்ஸ் என்றதும், ஷிப்ட் மாறும் என்று மறுப்பு வந்தது. சொந்தக் கடை என்றதும் பெரிய சண்டையே நடந்தது. வேலையை வாழ்க்கையிலிருந்து பின்னோக்கித் தேடலாம் என்பதை அந்த ஐந்து வரிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மூன்றாம் படி: எழுதாமல் விட்டதைப் படித்தல்

நோட்டுகளை வாங்கி நீங்கள் மட்டும் படியுங்கள். எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டது நிறையச் சொல்லும். நான் பார்த்த நோட்டுகளில், மாணவியரின் செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் 5 மணிக்குச் சமையலில் தொடங்குகிறது, அவர் கலெக்டராகவே இருந்தாலும். மாணவர்களின் காலையிலோ காபி "வந்தது". யார் போட்டார்கள் என்பதற்கு அங்கே எழுவாயே இல்லை. தமிழ் இலக்கணம் எழுவாய் இல்லாமல் எழுத இடம் கொடுப்பது இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் வசதியாகப் போயிற்று.

இதை அறிவுரையாக்காமல் வேலையாக்குங்கள். எல்லோரும் ஒரு விஞ்ஞானியை, ஒரு லாரி மெக்கானிக்கை, ஒரு நர்ஸை வரையட்டும். பிறகு எத்தனை படங்களில் ஆண், எத்தனை படங்களில் பெண் என்று அவர்களே எண்ணட்டும். டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 குழந்தைகளை விஞ்ஞானியை வரையச் சொல்லி, முடிவை 1983இல் வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். 28 பேரும் சிறுமியர். உங்கள் வகுப்பின் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதை எண்ணி முடித்தபிறகு சொல்லுங்கள், முன்பு அல்ல. முன்பே சொல்லிவிட்டால் எல்லோரும் பெண்ணையே வரைந்து உங்களை மகிழ்விப்பார்கள்.

நான்காம் படி: தடையையும் எழுதுதல்

இனிய கனவு மட்டும் போதாது. எதிர்காலத்தை இன்பமாக மட்டும் கற்பனை செய்பவர்களுக்கு, அதை அடைந்துவிட்டது போன்ற நிறைவு வந்து முயற்சி தளர்கிறது என்பதை உளவியலாளர் காப்ரியேலே ஓட்டிங்கன் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். விருப்பத்தையும் அதன் குறுக்கே நிற்கும் தடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அவர் சொல்லும் வழி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வருவாய் குறைந்த குடும்பங்களின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் டாஃப்னா ஓய்சர்மன் குழுவினர் நடத்திய பயிற்சியும் இதை ஒட்டியதே. தாம் ஆக விரும்பும் நிலையோடு, ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் நிலையையும் மாணவர்கள் பேசினார்கள்; வழியில் சிக்கல் வருவது இயல்பு, அது "நமக்கு இது ஆகாது" என்பதன் அடையாளமன்று என்பதைப் பழகினார்கள். வருகையிலும் மதிப்பெண்ணிலும் ஏற்பட்ட முன்னேற்றம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருந்ததாக 2006இல் அவர்கள் வெளியிட்டனர்.

வகுப்பில் செய்வது எளிது. நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் மடிக்கச் சொல்லி, இடப்பக்கம் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தனக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சியையும், வலப்பக்கம் அதைத் தடுக்கக்கூடிய ஒன்றையும் எழுதவைக்க வேண்டும். தடைக்குக் கீழே, "அது வந்தால் நான் செய்வது" என்று ஒரே ஒரு வரி. இங்கே எச்சரிக்கை தேவை. கணக்கு வராது, இங்கிலீஷ் பயம் என்பவற்றோடு, பத்தாவது முடிந்ததும் கல்யாணம், அப்பாவின் குடி, தறிக்குப் போகச் சொல்கிறார்கள் என்பவையும் வரும். இந்தப் பக்கத்தை யாரையும் வாசிக்கச் சொல்லக் கூடாது. குழந்தைத் திருமணமோ குழந்தை உழைப்போ பற்றிய குறிப்பைக் கண்டால், பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் சொல்வதும், தேவையானால் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணை அழைப்பதும் நம் கடமை.

ஐந்தாம் படி: முப்பதிலிருந்து இந்த வாரம் வரை பின்னோக்கி நடத்தல்

பக்கத்தின் மேல் முனையில் 30 வயது, கீழ் முனையில் இந்த வாரம். நடுவில் ஏணிப் படிகளை மேலிருந்து கீழாக நிரப்ப வேண்டும். இங்கேதான் ஆசிரியருக்குத் தகவல் கையில் இருக்க வேண்டும். "நன்றாகப் படி" என்பது தகவலாகாது.

பிள்ளைகள் நினைப்பதைவிட ஏணிகள் அதிகம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் சேரலாம்; ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர், பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல், டிப்ளமோ படித்துப் பிறகு பொறியியலுக்குப் போனவர். ப்ளஸ் ஒன்னில் எடுக்கும் குரூப்தான் முதல் பெரிய பிரிசாலை. மருத்துவம், செவிலியம், கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும் உயிரியல் சார்ந்த பாடம் வேண்டும். மருத்துவத்துக்கு நீட் தேர்வு உண்டு. கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் பொறியியல் கலந்தாய்வும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கின்றன. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசல் வழியாகப் பேருந்தில் போகும் பிள்ளைகள்கூட அதைத் தங்கள் ஏணியில் எழுதுவதில்லை.

இனி ஆறாம் வகுப்புக் கணக்கு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. எட்டாம் வகுப்போடு பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யட்டும். உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கப்பட்டன. அவற்றுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு.

எட்டாம் வகுப்பு ஏணியில் கட்டாயம் இருக்க வேண்டிய படி, தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத மாணவர்கள் எழுதலாம். மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000. ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் தகுதியில் சேரும் என்பதால், இதை எட்டாம் வகுப்பில் சொன்னால் தாமதம். வயது, வருமான வரம்பு போன்றவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏணியின் கடைசிப் படி எப்போதும் ஏழு நாளுக்குள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்: மனத்திறன் கேள்வி நாளுக்கு ஐந்து, ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்று பார்த்தல், நூலகத்தில் ஒரு புத்தகம். "நன்றாகப் படிப்பேன்" என்று எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

ஆறாம் படி: வேலை செய்பவரை வகுப்புக்கு அழைத்தல்

ஓர் ஆண்டு ஓர் அதிகாரியை அழைத்தோம். அவர் ஒழுக்கத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, பொன்னாடையோடு புறப்பட்டுப் போனார். அவர் அலுவலகத்தில் காலை 10 மணிக்கு என்ன செய்வார் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. மறு ஆண்டு, லாரிகளுக்குப் பெயர் எழுதும் ஓவியரை அழைத்து, பேச்சு வேண்டாம், கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். கண்ணாடிக்கு மேலுள்ள பலகையில் ஓர் ஊர்ப் பெயர் அடங்க, எழுத்துகளை எண்ணி அகலத்தை வகுத்துச் சாக்பீஸால் முதலில் கோடு போடுவதை அவர் கரும்பலகையிலேயே காட்டினார். கொம்பும் காலும் உள்ள எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும் என்றார். "ஸ்டிக்கர் வந்தப்புறம் வேலை இருக்கா அண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாதி போய்விட்டது என்று மறைக்காமல் சொன்னவர், இப்போது கம்ப்யூட்டரில் எழுத்து வடிவமைத்து ஸ்டிக்கர் வெட்டித் தருவதையும் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். வேலைகள் மாறும் என்பதைப் பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்கவேயில்லை.

கேள்விகளை முந்தின வாரமே பிள்ளைகள் எழுதிவைத்திருக்கட்டும். முதல் நாள் செய்த தவறு என்ன, கற்றுக்கொள்ள எத்தனை ஆண்டு ஆனது, மழைக்காலத்தில் வருமானம் எப்படி, இன்று பள்ளிப் பாடத்தில் எது பயன்படுகிறது ஆகிய நான்கும் எவருக்கும் பொருந்தும்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கொண்டுபோதல்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வரும் நாளில், விரும்பும் பிள்ளைகள் தங்கள் செவ்வாய்க்கிழமையைத் தாய் தந்தைக்கு வாசித்துக் காட்டலாம். பெற்றோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும், "இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்பதற்குப் பதிலாக, அந்த நாளில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கேட்கலாம். பல பிள்ளைகள் அதை எழுதியிருக்க மாட்டார்கள். அங்கேயே பேனாவை எடுப்பார்கள்.

நோட்டைப் பள்ளியில் பத்திரப்படுத்தி, எட்டாம் வகுப்பு முடியும் முன் அதே செவ்வாய்க்கிழமையைப் பழையதைப் பார்க்காமல் மீண்டும் எழுதவைத்து, இரண்டையும் பிள்ளையே ஒப்பிடட்டும். ஐந்து வரி எழுதிய அந்த மாணவன் இரண்டாம் முறை ஒன்றரைப் பக்கம் எழுதினான். லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை, சொந்தக் கடை. சாயங்காலம்தான் வண்டிகள் வரும் என்பதால் வீடு திரும்பும் நேரம் 6 மணி அன்று, எட்டரை ஆகியிருந்தது. ஆனால் கடை வீட்டுக்கு முன்னாலேயே இருந்தது. கல்லாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் நான் பென்சிலால், "எலக்ட்ரீசியன், ஐ.டி.ஐ., பத்தாம் வகுப்பு வேண்டும், 2 ஆண்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.